பூச்சாண்டிக்கும் பசிக்கும்

என் மூஞ்சியக் காட்டி இதுவரைக்கும் ஒம்போது பிள்ளைகளுக்கு இட்லி ஊட்டியிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு ஒம்போது. தெரியாம எந்தெந்த மாடியில எத்தனை தட்டு காலியாச்சோ, அந்தந்த அம்மாமாருக்குத்தான் வெளிச்சம்.

மூஞ்சியப் பத்தி மொதல்லயே சொல்லிருறேன். ஆதார் கார்டுல எல்லாருக்கும் கோரமா போட்டோ வந்துருச்சுன்னு பொலம்புவாங்க. எனக்கு மட்டும் உள்ளது உள்ளபடி வந்துருச்சு. நல்ல கருப்பு. மீசை ரெண்டு பக்கமும் கன்னத்தத் தாண்டிக் காதப் பாத்துப் போகும். வாலிபத்துல அவனியாபுரத்துல ஒரு லேத் பட்டறையில வேல பாத்தப்ப பெல்ட்டு அந்து இடது புருவத்துல அடிச்சிருச்சு. அதுல இருந்து அந்தப் புருவம் மட்டும் எப்பவும் மேல தூக்கிக்கிட்டு, "யார்ரா அவன்"னு கேக்குற மாதிரியே நிக்கும். தூங்கும்போதும் அப்படித்தான்னு என் பொண்டாட்டி சொல்லுவா. அம்பத்தி மூணு வயசாச்சு, இன்னும் யாரையும் நான் அடிச்சதில்ல. அடி வாங்கியிருக்கேன், அது வேற.

இப்ப விளாங்குடியில ஸ்கூல் வேன் ஓட்டுறேன். சொந்த வேன். காலையில ஏழரைக்கெல்லாம் வண்டியத் தொடச்சு டீக்கடை ஓரமா நிப்பாட்டிட்டு ஒரு டீ குடிப்பேன். டீக்கடைக்கு நேர் எதுத்தாப்புல மூணு மாடி பிளாட்டு. அந்த நேரத்துல பால்கனிக்குப் பால்கனி ஒரு அம்மா, ஒரு பிள்ளை, ஒரு தட்டு. பிள்ளைக வாயப் பூட்டிக்கிட்டு இருக்கும். அம்மாமாரு சாவி தேடிக்கிட்டு இருப்பாங்க.

மொத மாடி அம்மாவுக்கு ஒரு நா சாவி கெடச்சுருச்சு. அது நாந்தேன்.

"அங்க பாரு, பூச்சாண்டி! வாயத் தொற. தொறக்கல, அந்தப் பூச்சாண்டிகிட்ட ஒன்னயப் புடிச்சுக் குடுத்துருவேன்."

ரெண்டரை வயசுப் பொம்பளப் பிள்ளை. கம்பி வழியா என்னயப் பாத்துச்சு. வாய் தன்னால தொறந்துச்சு. இட்லி உள்ள போச்சு.

வேற ஆளா இருந்தா திரும்பி நின்னிருப்பான். நான் யாரு? கல்யாண வீடோ, எழவு வீடோ, நாலு பேரு சிரிச்சாத்தான் எனக்கு அன்னைக்கு செரிக்கும். டீ கிளாச பெஞ்சுல வச்சேன். கண்ண உருட்டுனேன். மீசைய முறுக்குனேன். தொண்டையில இருந்து ஒரு "ஊவ்வ்வ்" விட்டேன். பிள்ளை அடுத்த வாய் வாங்கிருச்சு. அந்தம்மா மேல இருந்து நன்றின்னு தலைய ஆட்டுச்சு. எனக்கு ஏதோ மேடையில மாலை போட்ட மாதிரி ஆயிருச்சு.

அதுல இருந்து தெனமும் இதான். டீ மாஸ்டரு வேற பால ஆத்திக்கிட்டே சவுண்டு குடுப்பாரு.

"அண்ணே, ரெண்டாவது இட்லி நிக்குது போல. இன்னொருக்கா விடுங்க."

"தொண்ட கட்டியிருக்குய்யா."

"இஞ்சி டீ போடுறேன், விடுங்க."

நாளாக நாளாக நடிப்புல சரக்குக் கூடிப்போச்சு. வண்டி தொடைக்கிற மஞ்சத் துணிய தலையில போட்டுக்கிட்டு நடந்தேன். வேன் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு கைய மட்டும் நீட்டுனேன். ரெண்டாவது மாடியில ஒரு அம்மா, எதுத்த சந்துல ஒரு அம்மான்னு வாடிக்கை பெருகிப்போச்சு. சனி, ஞாயிறு லீவு விட்டா திங்கக்கெழம, "எங்கண்ணே ரெண்டு நாளா காணோம், பிள்ள பட்டினி"ன்னு வெசாரிக்கிற அளவுக்கு ஆச்சு. ஒன்றரை வருசம் இப்படி ஓடிச்சு. எனக்குக் கொஞ்சம் திமிரே வந்துருச்சு.

ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்தாங்க. புதுசா எல்கேஜி சேந்த பிள்ளைகள வேன்ல ஏத்துற மொத நாள். ஏழே முக்காலுக்கு மொத மாடி அம்மா கீழ எறங்கி வருது. கையில டிபன் பாக்ஸ் பை, தோளுல தண்ணி பாட்டில், இடுப்புல அந்தப் பிள்ளை. ரெட்ட சடை, புது ஷூ, கழுத்துல ஐடி கார்டு. அது என் வேனப் பாத்துத்தான் வருதுன்னு அப்பவும் எனக்கு வெளங்கல. நான் பாட்டுக்கு சைடு கதவத் தெறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு, "வாங்க பாப்பா"ன்னு ரெண்டு கையையும் நீட்டுனேன்.

அது போட்ட சத்தத்துல டீ மாஸ்டரு பால் குண்டானக் கவுத்துட்டாரு.

கத்துனது கூடப் பரவால்ல. என்ன சொல்லிக் கத்துச்சுன்னு கேளுங்க. அம்மா கழுத்தக் கட்டிக்கிட்டு, மூச்சு முட்ட, "நான் சாப்ட்டேன்ல! நான் சாப்ட்டேன்லம்மா! ரெண்டு இட்லி சாப்ட்டேன்ல!"

வேனுக்குள்ள இருந்த பெரிய பிள்ளைக சிரிச்சுதுக. அந்தம்மாவும், "அய்ய, அந்த மாமா ஒண்ணும் பண்ண மாட்டாரு, ஏறு"ன்னு அசட்டுச் சிரிப்போட கைய விடுவிக்கப் பாத்துச்சு. நானும் சிரிச்சேன்னு வச்சுக்கங்களேன். ஆனா என் காதுல அந்த வார்த்தை மட்டும் போய் ஒக்காந்துக்கிச்சு. சாப்ட்டேன்ல.

அந்தப் பிள்ளை கணக்குல பாருங்க. சாப்பிடலேன்னா பூச்சாண்டிகிட்ட குடுத்துருவேன்னு அம்மா சொல்லியிருக்கு. இது ஒன்றரை வருசமா ஒழுங்கா சாப்பிட்டுருக்கு. அம்புட்டும் சாப்பிட்ட பெறகு, தலை சீவி, பவுடர் போட்டு, பேரு எழுதி அட்டையும் மாட்டி, அம்மாவே கொண்டாந்து பூச்சாண்டி கையில குடுக்குது. பூச்சாண்டியும் கதவத் தெறந்து வச்சுக்கிட்டு, வாங்கன்னு மரியாதையாக் கூப்புடுறான்.

மூணு நாள் அப்படித்தான் ஏத்துனோம். அம்மா கைய விரல் விரலாப் பிரிச்சு எடுத்துதான் ஏத்த முடிஞ்சுச்சு. ஏறுனதும் அழுகை நின்னுரும். அதுதான் எனக்குப் பொறுக்கல. கண்ணாடியில பாப்பேன், கடைசி சீட்டு மூலையில கல்லு மாதிரி ஒக்காந்து என் பொடனியவே பாத்துக்கிட்டு வரும். இனி அழுது என்ன ஆகப்போகுதுன்னு முடிவு பண்ணுன மாதிரி. டிபன் பாக்ஸ் மூடுனது மூடுனபடி திரும்பி வருதுன்னு ஸ்கூல் மிஸ் சொன்னாங்க. நாலாவது நாள் வேனப் பாத்ததும் யூனிபார்மோட ஒண்ணுக்குப் போயிருச்சு. அஞ்சாவது நாள் வரல.

அன்னைக்குச் சாயந்தரம் அந்தம்மா போன் பண்ணுச்சு.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அந்த மீசைய மட்டும் கொஞ்சம் எடுத்துட்டீங்கன்னா…"

"மீசையவா?"

"முழுசா வேணாம்ணே, சின்னதா வச்சுக்கங்க. அவ அதப் பாத்துத்தான் பயப்படுறா."

"பாக்குறேன்ம்மா"ன்னு வச்சுட்டேன்.

வீட்டுல என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டே, "எடுத்துத் தொலைங்களேன். மொளைக்காமயா போயிரும்?"ன்னா. பெறகு கத்தியக் கீழ வச்சுட்டு, "இன்னைக்கு இம்புட்டு ரோசம் வருதே, நம்ம பிள்ள சின்னதா இருக்கையில நீங்க யாரக் காட்டுனீங்க, நெனப்பு இருக்கா?"ன்னு கேட்டா.

இருக்கு. பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்க சைக்கிள்ல வருவாரு ஒருத்தரு. பின்னால பெரிய சாக்கு தொங்கும். அந்தச் சாக்குல பிள்ளைகளப் போட்டுக் கட்டிருவாருன்னு எம்மகளுக்கு நாந்தேன் சொல்லிக் குடுத்தேன். அவரு பெல்லடிச்சாலே கட்டிலுக்கு அடியில போயிரும். ஒரு நா அந்த மனுசன் தண்ணி கேட்டு வாசல்ல நின்னாரு. உள்ள இருந்து எம்மக அலறுன அலறல்ல அவரு தண்ணி வாங்காமயே சைக்கிள எடுத்துட்டுப் போயிட்டாரு. அப்ப நான் சிரிச்சேன். யோசிச்சுப் பாத்தா வாழ்க்கையில தப்பான எடத்துலயெல்லாம் கரெக்டா சிரிச்சிருக்கேன்.

ஞாயித்துக்கெழம ஒரு வாடகை ஓட்டம் வந்துச்சு. நாகமலை புதுக்கோட்டையில தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆன ஐயா ஒருத்தரு, கண்ணு காட்ட டவுனுக்குப் போவாரு. எப்பவும் முன் சீட்டுல எம் பக்கத்துலதான் ஒக்காருவாரு. சும்மா வாய் விட்டுக் கேட்டேன்.

"ஐயா, பூச்சாண்டின்னா யாருங்கய்யா?"

"ஏன், யாரும் காட்டுறாங்களா?"

"என்னையத்தாங்கய்யா காட்டுறாங்க."

சிரிக்கக் கூடாதுன்னு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அப்புறம் சொன்னாரு. "இதுதான்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாதுப்பா. ஜனங்க பேச்சுல பொறந்த சொல்லு, அதுக்கு யாரு ஜாதகம் எழுதி வச்சா? ஆனா ஒரு வெளக்கம் சொல்லுவாங்க. பூச்சுன்னா பூசுறது. ஒடம்பு பூராம் திருநீறப் பூசிக்கிட்டு, சடைமுடியோட, கையில திருவோட்ட வச்சுக்கிட்டு வீடு வீடா வந்து நிக்கிற ஆண்டி. பூச்சு ஆண்டி. சின்னப் பிள்ளைக பாத்தா பயப்படத்தானே செய்யும்? ராஜாக்க காலத்துச் சண்டையில கொண்டுபோய் முடிச்சுப் போட்டு வேற கதையும் சொல்றாங்க. அதுக்கு நான் சாட்சி எதையும் பாத்ததில்ல."

காளவாசல் சிக்னல் வரைக்கும் பயமுறுத்துற சொல்லாவே எடுத்து வச்சுக்கிட்டு வந்தாரு. வெருட்டு, மெரட்டு, உருட்டு. வயக்காட்டுல குருவி வராம நிக்க வைக்கிற பொம்மைக்கு வெருளின்னு ஒரு பழைய பேரு இருக்காம். அஞ்சு கண்ணன், மூணு கண்ணன்னு பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்ல, அதெல்லாம் வாயாலயே வரவச்சுரலாம், ஆளு வேணாம். "பூச்சாண்டி அப்படியில்ல பாத்துக்க. அவனக் காட்டணும். தெருவுல போற எவனாச்சும் ஒருத்தன் வேணும்."

"அந்த ஆண்டி எதுக்குங்கய்யா வீடு வீடா வந்தாரு?"

"வேற எதுக்கு வருவான்? சோத்துக்குத்தான்."

பச்சை விழுந்து, பின்னால ஆரன் அடிச்சு, பஸ்காரன் கைய நீட்டித் திட்டுன பெறகுதான் வண்டிய எடுத்தேன். அந்த வெளக்கம் சரியோ தப்போ, ஐயாவே உறுதியில்லன்னுட்டாரு. எனக்கு அது போதும். பசிச்சு வாசல்ல நின்னவனக் காட்டி, பசிக்காத பிள்ளைக்கு ஊட்டியிருக்கோம். அவன் கண்ணு முன்னாலயே. அந்த உருண்டை அவன் ஓட்டுல விழுந்திருக்க வேண்டியது.

அப்பத்தான் எங்கப்பா நெனப்பு வந்துச்சு. இத நான் எம் பொண்டாட்டிகிட்ட கூட சொன்னதில்ல.

எங்கப்பா சோழவந்தான் பக்கம் இன்னொருத்தரு வயல்ல கூலிக்கு நட்டாரு, அறுத்தாரு. நடவு நாள்ல பொழுது சாய வயக்கார வீட்டுக் கொல்லைப் பக்கம் போய் நிக்கணும். முன்வாசப் பக்கம் நாங்க போறது கெடையாது. எனக்கு ஏழு வயசு இருக்கும், அவரோட போயிருந்தேன். முட்டி வரைக்கும் சேறு, கையெல்லாம் சேறு, நெத்தியில கூட ஒரு தீத்தல். அந்த வீட்டு அம்மா இடுப்புல பிள்ளைய வச்சு ஊட்டிக்கிட்டு இருந்துச்சு. எங்கப்பாவப் பாத்ததும், "இந்தா பூச்சாண்டி வந்துட்டான் பாரு, வாயத் தொற"ன்னுச்சு.

எங்கப்பா என்ன செஞ்சாருன்னா, ரெண்டு கையையும் காதுக்குப் பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டு, கண்ண உருட்டி, "ஊவ்வ்வ்".

அந்த வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பிள்ளை சாப்பிட்டுருச்சு. திரும்பி வர்ற வழியில எங்கப்பா வாய்க்கால்ல எறங்கி அந்தச் சேத்தத் தேச்சுத் தேச்சுக் கழுவுனாரு. அவரு அன்னைக்குக் காலையில இருந்து என்ன சாப்பிட்டுருந்தாருன்னு நான் கேக்கல. ஏழு வயசுப் பய எங்க கேக்கப்போறான். அம்பது வயசுலயாச்சும் கேட்டிருக்கலாம், அப்ப அவரு இல்ல.

அவருக்கு அதச் செய்ய மாட்டேன்னு சொல்ல வழியில்லாம இருந்துச்சு. எனக்கு அப்படி என்ன கேடு? சொந்த வேன் வச்சிருக்கேன், என் டீக்கு நாந்தேன் காசு குடுக்குறேன், எதுக்கு தெருவுல நின்னு ஊவ்வு விட்டேன்? யாரும் கேக்கக் கூட இல்ல. நானாப் போய் விட்டேன். எங்கப்பா எனக்குன்னு நெலம், வீடு எதுவும் வைக்கல. இத மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காரு போல.

திங்கக்கெழம சலூனுக்குப் போனேன். ஆமா, எடுக்கத்தான் போனேன். நான் ஒண்ணும் பெரிய வீரன் இல்ல. ராத்திரி எம்புட்டு யோசிச்சாலும் காலையில பயம் வந்துரும். அந்தப் பிள்ளை வராமப் போனா அந்த பிளாட்டுல மத்த பிள்ளைகளும் வேற வேன் பாத்துப் போயிரும், பொழப்புன்னு ஒண்ணு இருக்குல்ல.

"என்ன மாப்ள, ட்ரிம்மா?"ன்னாரு சலூன்காரரு.

"எடுத்துரு."

"எத?"

"மீசைய."

கத்தரிக்கோலக் கீழ வச்சுட்டு, "வீட்டுல யாருக்கும் ஏதும்…"ன்னு கொரலத் தாழ்த்துனாரு. இல்லய்யா, நல்லா இருக்காங்கன்னேன். மனசே இல்லாம நுரையக் கொழப்பி வாயச் சுத்திப் பூசுனாரு. கண்ணாடியில பாத்தேன். கருத்த மூஞ்சியில வெள்ளையாப் பூச்சு. புருவம் ஒண்ணு தூக்கிக்கிட்டு என்னயவே கேக்குது, யார்ரா அவன்.

மீசைய எடுத்துட்டா என்ன ஆகும்? அந்தப் பிள்ளை என் வேன்ல ஏறிரும். ஏறட்டும். நாளைக்கு மீசை இல்லாத கருத்த ஆளு எவனாச்சும் தெருவுல போவான். குப்பை வண்டி தள்ளுறவன், தாடி வச்சவன், நொண்டி நடக்குறவன். அவன் எத எடுப்பான்? தோல உரிச்சு வச்சுட்டா போவான்?

"தொடச்சு விடுய்யா"ன்னேன்.

"நல்லவேளை மாப்ள"ன்னாரு அவரு. என்னயவிட அவருக்குத்தான் சந்தோசம்.

அன்னைக்கே அந்த பிளாட்டு படிக்கட்டுக்குக் கீழ பஞ்சாயத்து. பிள்ளையோட அப்பா, அம்மா, ரெண்டாவது மாடி அம்மா, நானு. அப்பா கம்பெனி டேக்க கழுத்துல மாட்டிக்கிட்டு ஆபீசுக்குக் கெளம்புற அவசரத்துல இருந்தாரு.

"நீங்க மீசைய எடுக்கறதா இவ சொன்னாளே?"

"எடுக்கல சார்."

"அப்ப மாஸ்க்காச்சும் போட்டுக்கங்க. கொரோனாவுக்கு எல்லாரும் போட்டோம்ல. பிள்ளை ஏறி எறங்குற அஞ்சு நிமிசம்தான."

"சார், பிள்ளை என் மீசையப் பாத்துப் பயப்படல. ஒங்க வீட்டம்மா எங்கிட்ட அதப் புடிச்சுக் குடுத்துட்டாங்கன்னு பயப்படுது. நான் சாப்ட்டேன்லன்னு கத்துச்சே, கேக்கலயா?"

அந்தம்மா மொகம் மாறிருச்சு. அதுக்கு முன்னால அப்படி யோசிக்கலன்னு தெரிஞ்சுச்சு. ஆனா சட்டுனு கோவமும் வந்துருச்சு. "நீங்க மட்டும் யோக்கியமாண்ணே? துணியத் தலையில போட்டுக்கிட்டு ஆடுனது யாரு? நானா ஆடச் சொன்னேன்? எட்டரைக்கு நான் வேலைக்குக் கெளம்பணும். ஒரு வாய்க்குப் பத்து நிமிசம் ஆக்குவா. எடை கொறையுதுன்னு வீட்டுல ஆளாளுக்கு என்னயப் பேசுவாக. ஒரு நா ஒக்காந்து ஊட்டிப் பாருங்க, அப்பத் தெரியும்."

"தப்புத்தேன்ம்மா. நான் ஆடுனது பெரிய தப்பு. அதப் பிள்ளைகிட்ட நானே சொல்றேன். மாமா நடிச்சேன், பொய்யின்னு. நீங்களும் சொல்லுங்க, அம்மா பொய் சொன்னேன்னு. அவ்வளவுதேன் நான் கேக்குறது."

அப்பாவுக்கு சுருக்குனு வந்துருச்சு. "பெத்தவங்க பொய் சொன்னாங்கன்னு பிள்ளைகிட்டயே சொல்லச் சொல்றீங்களா? நாளைக்கு அது எங்கள மதிக்குமா?"

"அப்ப நான் மட்டும் பிள்ள பிடிக்கிறவனாவே இருந்துக்கிறவா சார்?"

"என்னண்ணே, சின்ன விசயத்தப் போயி…"ன்னு ரெண்டாவது மாடி அம்மா நடுவுல வந்துச்சு. அதுவும் என் பழைய ரசிகைதான்.

"சின்ன விசயமா இருந்தா சொல்லிட்டுப் போயிரலாமேம்மா."

"வேற வேன் பாத்துக்கறோம்"ன்னுட்டு அவரு பைக்க எடுத்துட்டாரு. அடுத்த நாள்ல இருந்து பிள்ளைய அவரே பைக்குல கொண்டுபோய் விட்டாரு. அங்க போயும் அது டிபன் பாக்ஸத் தொறக்கலன்னு மிஸ் சொன்னாங்க. ரெண்டாவது மாடி பிள்ளை வேற வேனுக்குப் போயிருச்சு. அந்தச் சந்துல இருந்து இன்னொண்ணும் போச்சு. என் பொண்டாட்டி அன்னைக்குக் கொழம்புல உப்ப அள்ளிப் போட்டா.

நான் டீக்கடைய மாத்தல. அதே பெஞ்சு, அதே ஏழரை மணி. பால்கனியப் பாத்துத்தான் ஒக்காந்தேன். மீசைய எண்ணெ தேச்சு இன்னும் கொஞ்சம் முறுக்கியே விட்டேன், அது சும்மா வீம்பு. ஒரு நா சந்துல இருந்து ஒரு கொரலு, "அங்க பாரு பூச்சாண்டி"ன்னு ஆரம்பிச்சுச்சு. எந்திரிச்சு நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னேன்.

"எம்மா, நான் பூச்சாண்டி இல்லம்மா! வேன் டிரைவரு! டீ குடிக்க வந்திருக்கேன்! பிள்ளைக்குப் பசிக்கலேன்னா விட்டுருங்க, பசிச்சாக் கேக்கும்!"

டீக்கடையில மொத்தப் பேரும் சிரிச்சாங்க. இந்தத் தடவை எனக்கு சிரிப்பு வரல. டீ மாஸ்டருதான், "எதுக்குண்ணே இம்புட்டு மல்லுக்கட்டு. ஒரு சாக்லேட்டு வாங்கிக் குடுத்தா முடிஞ்சிரும்"ன்னாரு.

"சாக்லேட்டு குடுத்து தூக்கிட்டுப் போறவனும் பிள்ள பிடிக்கிறவன்தான்யா."

"அதுவும் சரிதான்"ன்னுட்டு அவரு பால ஆத்தப் போயிட்டாரு.

பத்து நாளு இருக்கும். காலையில அந்தம்மா படியெறங்கி வந்துச்சு. இடுப்புல பிள்ளை, யூனிபார்மோட. கையில தட்டு, தோளுல டிபன் பாக்ஸ் பை. தெருவத் தாண்டி, எனக்குப் பத்தடி தள்ளி நின்னுருச்சு. பிள்ளை என்னயப் பாத்ததும் மொகத்த அம்மா தோளுல பொதச்சுக்கிச்சு. நான் எந்திரிக்கல. சிரிக்கவும் இல்ல. கைய மடியில வச்சுக்கிட்டேன்.

"ராத்திரி தூக்கத்துல கேக்குறாண்ணே"ன்னுச்சு அந்தம்மா. "என்னைய எப்பம்மா குடுப்பேன்னு கேக்குறா."

மொதல்ல எம் பங்கச் சொன்னேன். "பாப்பா, மாமா வேன் ஓட்டுறவன். கண்ண உருட்டுனது, சத்தம் போட்டது எல்லாம் பொய். சும்மா நடிச்சேன். நடிச்சிருக்கக் கூடாது. தப்பு."

தோளுல இருந்து ஒரு கண்ணு மட்டும் வெளிய வந்துச்சு.

அந்தம்மா ரோட்டப் பாத்துச்சு, கடையப் பாத்துச்சு. டீ குடிக்க வந்த ஏழெட்டுப் பேரு கிளாஸ வாயில வச்சபடி நிக்கிறாங்க. "பாப்பா, அம்மா சும்மா சொன்னேன்டா"ன்னுச்சு.

"சும்மா இல்லம்மா"ன்னேன்.

"அண்ணே, விடுங்கண்ணே, அதான் சொல்லிருச்சுல்ல"ன்னாரு டீ மாஸ்டரு.

"விட மாட்டேன்."

அந்தம்மா என்னய மொறைச்சுச்சு. அப்புறம் பிள்ளையக் கீழ எறக்கி விட்டு, அதுக்கு எதுத்தாப்புல குத்த வச்சு ஒக்காந்துச்சு. தட்டத் தரையில வச்சுட்டு பிள்ளை மொகத்த ரெண்டு கையாலயும் புடிச்சுச்சு. "அம்மா பொய் சொன்னேன். இவரு பூச்சாண்டி இல்ல. பூச்சாண்டின்னு யாருமே இல்ல. ஒன்னய யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்."

பிள்ளை அம்மா மொகத்தப் பாத்துக் கேட்டுச்சு.

"சாப்பிடலேன்னாலும்?"

"சாப்பிடலேன்னாலும் குடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

பிள்ளை குனிஞ்சு தட்டப் பாத்துச்சு. ரெண்டு இட்லி, சட்னி, ஓரத்துல சீனி. ரெண்டு கையாலயும் தட்ட எடுத்து அம்மா மடியில வச்சுச்சு.

"அப்ப எனக்கு வேணாம்."

அந்தம்மா என்னயப் பாத்த பார்வைக்கு நான் மூணு ஜென்மம் பட்டினி கெடக்கணும். "இப்ப சந்தோசமாண்ணே?"

"ரொம்ப சந்தோசம்மா. டிபன் பாக்ஸக் குடுங்க, பசிச்சாத் தொறக்கட்டும்."

நான் கதவத் தெறந்து விட்டுட்டு தள்ளிப் போய் நின்னுக்கிட்டேன். கை நீட்டல. பிள்ளை என்னய ஒரு பார்வை பாத்துச்சு, பயம் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். அம்மா வெரலப் புடிச்சுக்கிட்டே வந்து, படியில ஒரு காலு வச்சு, வெரல விட்டுட்டு ஏறுச்சு. கடைசி சீட்டுக்கே போய் ஒக்காந்துச்சு. வயிறு காலி, மூஞ்சி உம்முன்னு. நான் வண்டிய எடுத்தேன்.